கயிற்றில் இறங்கிக் கண்ணாடி முகப்பைச் சோதிப்பது எப்படி? சிங்கப்பூர் உயர்மாடிகளுக்கான முழு வழிகாட்டி

ராபிள்ஸ் பிளேசில் நின்று அண்ணாந்து பார்த்தால் எல்லாக் கோபுரமும் பளபளவென்றுதான் இருக்கும். கண்ணாடிச் சுவர் பெரும்பாலும் ஓரத்தில்தான் கெடத் தொடங்குகிறது. சிலிக்கான் ஒட்டு விடுவது, ரப்பர் கேஸ்கெட் மூலையிலிருந்து சுருங்குவது, திருகு துருப்பிடிப்பது, விளிம்பில் சிப்பி போலச் சில்லு பெயர்வது எல்லாமே சில மில்லிமீட்டர் சங்கதி. தொலைநோக்கியில் பாதி தெரியும், டிரோனில் முக்கால்வாசி தெரியும். விரலால் அழுத்திப் பார்த்தால்தான் தெரியும் கால்வாசிக்காகவே ஆளைக் கயிற்றில் இறக்குகிறோம். கயிற்றுக்கும் ஓரம்தான் எதிரி. கூரைச் சுவரின் அலுமினிய மூடி கூராக இருந்து, அதன்மேல் கயிறு பாதுகாப்பில்லாமல் உரசினால், என்ன விலை கொடுத்து வாங்கிய கயிறும் தாங்காது.

சட்டம் என்ன கேட்கிறது

கட்டட, கட்டுமான ஆணையத்தின் முகப்புச் சோதனை முறை 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. 13 மீட்டருக்கு மேல் உயரமும் 20 ஆண்டுக்கு மேல் வயதும் கொண்ட கட்டடங்கள் 7 ஆண்டுக்கு ஒருமுறை இதற்கு உட்பட வேண்டும். தரைவீடுகளுக்கும் தற்காலிகக் கட்டடங்களுக்கும் விலக்கு உண்டு. சோதனைக்குப் பொறுப்பேற்பவர் தகுதிபெற்ற பொறியாளராகவோ பதிவுபெற்ற கட்டடக் கலைஞராகவோ இருக்க வேண்டும். முகப்பு முழுவதையும் கண்ணால் பார்ப்பதோடு, ஒவ்வொரு பக்கத்திலும் குறைந்தது 10 விழுக்காட்டைக் கைக்கெட்டும் தொலைவில் பார்த்தாக வேண்டும்.

கயிற்றில் தொங்குபவர் பொறுப்பாளரின் கண்ணும் கையும்தான். குறை ஆபத்தானதா, காத்திருக்கலாமா என்று முடிவுசெய்வது பொறுப்பாளரின் வேலை. ஆகவே பார்த்ததையும் அளந்ததையும் சொல்லுங்கள். "பரவாயில்லை", "ஓகே" என்ற சொற்களைக் குறிப்பேட்டில் எழுதாதீர்கள்.

வேலைப் பாதுகாப்புப் பக்கம் தனி. 3 மீட்டருக்கு மேல் விழும் வாய்ப்புள்ள வேலைக்கு பெர்மிட் கட்டாயம். சூப்பர்வைசர் விண்ணப்பிப்பார், உயர வேலைக்கான பாதுகாப்பு மதிப்பீட்டாளர் இடத்தை நேரில் பார்த்துச் சரிபார்ப்பார், அதிகாரம் பெற்ற மேலாளர் ஒப்புதல் தருவார். மேசையில் உட்கார்ந்தபடி கையெழுத்தாகும் பெர்மிட்டால் யாருக்கும் பயனில்லை. மதிப்பீட்டாளர் கூரைக்கு வரும்வரை காத்திருங்கள்.

ஆட்கள்

கயிற்றுப் பணியில் பரவலாக ஏற்கப்படுவது ஐராட்டா எனப்படும் பன்னாட்டுக் கயிற்றுப் பணிச் சங்கத்தின் சான்றிதழ். மூன்று நிலைகள் உண்டு. ஒவ்வொன்றும் 3 ஆண்டுக்குச் செல்லும். முதல் நிலையிலிருந்து இரண்டாவதுக்குப் போக ஓராண்டும் 1,000 மணிநேரக் கயிற்று வேலையும் வேண்டும். இரண்டு பேருக்குக் குறைவாக வேலை தொடங்கக் கூடாது, ஒருவர் மூன்றாம் நிலை சூப்பர்வைசராக இருக்க வேண்டும். இது குறைந்தபட்சம். நடைமுறையில் இரண்டு பேர் கயிற்றில், சூப்பர்வைசர் கூரையில், ஒருவர் கீழே தடுப்புக்குள் என்று நால்வர் இருந்தால்தான் வேலை ஓடும். கீழே நிற்பவரை வேறு எடுபிடி வேலைக்கு அனுப்பினால் அன்றைக்கு வேலையை நிறுத்திவிடுங்கள்.

எங்கே இறங்குவது

10 விழுக்காடு என்றதும் ஏறுவதற்கு வசதியான மூலையைத் தேர்ந்தெடுப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. கணக்கு எளிது. ஒரு கயிற்றில் தொங்குபவருக்கு இருபக்கமும் சேர்த்துச் சுமார் 2 மீட்டர் அகலப் பட்டை எட்டும். பக்கம் 40 மீட்டர் அகலமென்றால் 10 விழுக்காடு 4 மீட்டர். அதாவது மேலிருந்து கீழ்வரை இரண்டு இறக்கம். நான்கு பக்கமும் அதே அளவென்றால் எட்டு. குறை அகப்பட்டால் அந்தப் பக்கத்தில் இறக்கங்களைக் கூட்ட வேண்டிவரும் என்பதை விலைப்புள்ளியிலேயே எழுதிவிடுவது நல்லது, பிறகு சண்டை வராது.

எந்தப் பட்டை என்பதுதான் அறிவு வேலை. முதலில் கட்டடத்தின் மூலைகளும் உச்சித் தளங்களும். காற்றின் இழுவிசை அங்கேதான் அதிகம். அடுத்து மேற்குப் பக்கம், பிற்பகல் வெயில் ஆண்டு முழுவதும் அடிப்பதால். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் ஜூன் வாக்கில் வடக்குப் பக்கமும் டிசம்பர் வாக்கில் தெற்குப் பக்கமும் வெயில் வாங்குகின்றன. அந்த ரப்பரும் காய்கிறது. நீர்க்கசிவுப் புகார் வந்த இடம், முன்பு கண்ணாடி மாற்றிய இடம், ஏசியின் குளிர்கோபுரத்திலிருந்து வரும் ஈரக்காற்று படும் இடம் ஆகியவற்றைக் கட்டட நிர்வாகியிடம் கேட்டு வரைபடத்தில் குறியுங்கள். மாற்றிய கண்ணாடியைக் கட்டாயம் பாருங்கள். மூலக் கண்ணாடியின் வகையும் மாற்றியதன் வகையும் ஒன்றாக இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

டிரோனை மீதி 90 விழுக்காட்டுக்குப் பயன்படுத்தலாம். விமானத்தளங்களுக்கு 5 கிலோமீட்டருக்குள் பறக்க அனுமதி வேண்டும். சிங்கப்பூர் சிறிய தீவு. முதலில் வரைபடத்தைப் பார்த்துவிட்டுத் தேதி குறியுங்கள்.

வானிலை

மார்ச் இறுதி முதல் மே வரையும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை ஏறக்குறைய அன்றாட விருந்தாளி. ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ரா புயற்காற்று விடியலுக்கு முன்போ காலையிலோ மேற்கிலிருந்து வந்து மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் அறையும். அதனால் காலையில் கயிறு விடுவதற்கு முன் மழை ரேடாரைப் பாருங்கள். மேற்கே பட்டையாக மேகம் வந்தால் அது கடந்துபோகட்டும். மின்னல் எச்சரிக்கை வந்தபின் முடிவெடுப்பது தாமதம். 30 மாடிக் கட்டடத்தின் நடுவில் இருப்பவருக்கு மேலே ஏறுவதைவிடக் கீழே இறங்குவது விரைவு என்றாலும், அதற்கும் சில நிமிடம் ஆகும். எந்த எச்சரிக்கைக்கு யார் "இறங்கு" என்று சொல்வார் என்பதைக் காலையில் வேலைக்கு முன் நடக்கும் டூல்பாக்ஸ் பாதுகாப்புப் பேச்சிலேயே முடிவுசெய்துவிடுங்கள்.

காற்றைத் தரையில் அளக்காதீர்கள். கூரையில் கையடக்கக் காற்றுமானியால் அளந்து, வேலைத் திட்டத்தில் எழுதிய வரம்போடு ஒப்பிடுங்கள். இரண்டு கோபுரங்களுக்கு நடுவே காற்று ஒடுங்கிப் பாயும் இடத்தில் கூரை அளவும் ஏமாற்றும். ஆள் கண்ணாடியிலிருந்து விலகி ஊசலாடத் தொடங்கினால் அளவு எதுவாயிருந்தாலும் நிறுத்தம்தான்.

வெயிலுக்கும் விதி உண்டு. மனிதவள அமைச்சு 2023 அக்டோபர் முதல் வெளிப்புற வேலையிடங்களில் டபிள்யூபிஜிடி எனப்படும் வெப்பச் சுட்டியை அளக்கச் சொல்கிறது. அது 32 டிகிரியை எட்டினால் கடும் உடலுழைப்புக்கு மணிக்கு 10 நிமிடமாவது ஓய்வு தர வேண்டும். கயிற்றில் தொங்குபவர் நடுவில் நிழலுக்குப் போக முடியாது என்பதால், மேற்குப் பக்கத்தைக் காலையிலும் கிழக்குப் பக்கத்தைப் பிற்பகலிலும் வையுங்கள். பிற்பகல் இடி வரும் மாதங்களில் கிழக்குக்கு மேகமூட்டமான காலை பரவாயில்லை. நிழலில் வேலை செய்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு: கண்ணாடி கூசினால் சிலிக்கானில் உள்ள மயிரிழை வெடிப்பு கண்ணுக்குப் படாது.

கூரையில்

ஒரு ஆளுக்கு இரண்டு கயிறு: வேலைக் கயிறு, காப்புக் கயிறு. இரண்டுக்கும் தனித்தனி நங்கூரம். ஒவ்வொன்றும் 15 கிலோநியூட்டன் தாங்க வேண்டும். கூரையில் நிரந்தர நங்கூரக் கண்கள் இருந்தால் கடைசிச் சோதனைத் தேதியைச் சான்றிதழில் பாருங்கள். கண்ணின் அடியில் நீர்த்தடுப்புப் பூச்சு வெடித்துத் துரு வழிந்திருந்தால் சான்றிதழ் இருந்தாலும் தொடாதீர்கள். நிரந்தர நங்கூரக் கண்கள் இல்லாவிட்டால் லிப்ட் அறையின் கான்கிரீட் தூணைக் கம்பிவடச் சுருக்கால் சுற்றலாம். கைப்பிடிக் கம்பி, இடிதாங்கிப் பட்டை, குழாய், குளிர்கோபுரக் கால், கண்ணாடி துடைக்கும் தொங்குமேடையான கோண்டோலாவின் தண்டவாளம் எதுவும் நங்கூரமாகாது. அந்த கோண்டோலாவின் மின்சாரத்தை நிறுத்திப் பூட்டி, சாவியை சூப்பர்வைசர் பையில் வையுங்கள்.

இரு நங்கூரங்களை ஒய் வடிவில் இணைக்கும்போது நடுக்கோணம் 90 டிகிரிக்குள் இருக்கட்டும். 90 டிகிரியில் ஒவ்வொரு காலும் சுமையின் 71 விழுக்காட்டைத் தாங்குகிறது. 120 டிகிரியில் முழுச் சுமையையும் தாங்குகிறது. அதற்கு மேல் போனால் பகிர்ந்த பயனே இல்லை.

கயிறு 11 மி.மீ. தடிமனான குறைந்த நீட்சிக் கயிறு. 100 மீட்டர் சுமார் 8 கிலோ எடை. கட்டட உயரத்தோடு நான்கைந்து மீட்டர் கூட்டி எடுத்து, நுனியிலிருந்து ஒரு மீட்டர் மேலே தடுப்பு முடிச்சு போடுங்கள். கயிறு தரையைத் தொடும் இடத்திலும் இந்த முடிச்சைப் போடாமல் விடாதீர்கள். இடையில் தாழ்வாரக் கூரை இருந்து கயிறு அதில் நின்றுபோனதை மேலிருந்து பார்க்க முடியாது.

இப்போது ஓரம். குறைந்த நீட்சி என்று பெயர் இருந்தாலும் நீட்சி உண்டு. 100 மீட்டர் கயிற்றின் அடியில் ஆள் காலை உதைத்தாலே மேலும் கீழும் ஆடுவார். அந்த ஆட்டம் முழுவதும் கூரைச் சுவரின் ஓரத்தில் கயிற்றை ரம்பம்போல் இழுக்கிறது. அதனால் ஒவ்வொரு கயிற்றுக்கும் தனித்தனி உறை போட வேண்டும். இரண்டையும் ஒரே உறைக்குள் திணித்தால் ஒரு கூர் இரண்டையும் அறுக்கும். உறையைச் சிறு கயிற்றால் மேலே கட்டுங்கள், இல்லாவிட்டால் ஆள் இறங்க இறங்க உறையும் வழுக்கிக்கொண்டு போகும். பிறகு சுவருக்கு வெளியே தலையை நீட்டி இரண்டாவது தொடுபுள்ளியைத் தேடுங்கள்: வெயில்மறைப்புத் தகடு, விளம்பரப் பலகையின் சட்டம், கேமரா பிடிப்பு. விபத்துக்கு வழி திறப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது ஓரம்தான்.

கயிற்றைச் சுருளாக வீசாதீர்கள். காற்றில் அது பக்கத்து ஜன்னலில் சிக்கும். பையில் அடுக்கி, உடம்பில் கட்டிய ஹார்னஸ் பட்டையில் தொங்கவிட்டுக்கொண்டு இறங்கும்போதே வெளிவிடுங்கள்.

மீட்புக்கான ஏற்பாட்டையும் அப்போதே கட்டிவிடுங்கள். நங்கூரத்தில் பூட்டிய இறங்குகருவியின் வழியாக வேலைக் கயிற்றை விட்டு, மிச்சக் கயிற்றைக் கூரையில் வைத்திருந்தால், மயங்கியவரை மேலிருந்தே கீழே இறக்கலாம். ஹார்னசில் அசையாமல் தொங்குபவரின் கால்களில் இரத்தம் தேங்கி நிமிடக் கணக்கில் நினைவு தப்பும். 995க்கு அழைக்க வேண்டும்தான். ஆனால் குடிமைத் தற்காப்புப் படை வந்து சேரும்போது ஆள் தரையில் இருக்க வேண்டும்.

கருவிப் பட்டியல்

இடுப்புப் பட்டையில்: கைவிளக்கு, மெல்லிய பிளாஸ்டிக் கரண்டி, வெர்னியர் அளவி, 300 மி.மீ. எஃகு அளவுகோல், வெடிப்பு அகல அட்டை, துடைக்கும் துணி, குறியிடும் ஒட்டுநாடா, வயர்லெஸ், கைப்பேசி. ஒவ்வொன்றுக்கும் தனி நாடா. 100 மீட்டரிலிருந்து விழும் கைப்பேசி, காற்றுத்தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், மணிக்கு ஏறக்குறைய 160 கிலோமீட்டரில் தரையைத் தொடும். கீழே ஷென்டன் வேயில் மதிய உணவுக்குக் கிளம்பும் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நடைபாதையை மறிப்பதென்றால் நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் முன்கூட்டியே கேட்க வேண்டும்.

இறங்கும் வரிசை

சுவருக்கு உள்ளே நின்றபடியே முதலில் காப்புக் கயிற்றில், விழுந்தால் கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் காப்புக்கருவியை மாட்டுங்கள், பிறகு வேலைக் கயிற்றில் இறங்குகருவி. பூட்டி, உடம்பின் எடையைக் கொடுத்துப் பாருங்கள். கூட்டாளி ஒவ்வொரு கேரபினர் கொக்கியின் திருகையும் கையால் தொட்டுப் பார்க்கட்டும். கண்ணால் பார்த்தேன் என்பது கணக்கில் சேராது. அதன்பின்தான் சுவரைத் தாண்டுவது. காப்புக்கருவி எப்போதும் மார்புக்கு மேலே நிற்கட்டும்.

ஷூ அடி மென்மையாகவும் மணல் ஒட்டாமலும் இருக்க வேண்டும். காலைக் கண்ணாடியின் நடுவில் ஊன்றாமல் நிமிர்சட்டத்தில் ஊன்றுங்கள். உறிஞ்சுபிடியை ஆட்டம் நிறுத்த மட்டும் பயன்படுத்தலாம், சந்தேகமான கண்ணாடியில் அதுவும் கூடாது.

ஒரு தளத்துக்குப் பத்து நிமிடம் என்று வைத்தால் 30 தளத்துக்கு ஐந்து மணிநேரம். ஒரு ஆளுக்கு ஒரு நாளில் ஒரு இறக்கத்துக்கு மேல் திட்டமிட்டால், கடைசிப் பத்து தளத்தின் குறிப்புகள் எல்லாம் "குறையில்லை" என்றே வரும்.

என்ன பார்ப்பது

ஒவ்வொரு கண்ணாடியையும் ஒரே வரிசையில் பாருங்கள்: மேல் ஓரம், இடம், வலம், கீழ் ஓரம், பிறகு முகம், கடைசியாகச் சட்டமும் திருகும்.

சிலிக்கான் இணைப்பில் பலரும் ஏமாறுவார்கள். வெளியிலிருந்து தெரிவது மழைத்தடுப்புச் சிலிக்கான் மட்டுமே. கண்ணாடியைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் கட்டமைப்புச் சிலிக்கான் கண்ணாடியின் முதுகுப்புறம் ஒளிந்திருக்கிறது. மேல் பூச்சு நன்றாக இருப்பதைப் பார்த்து உள்ளேயும் நன்றாக இருக்கிறது என்று எழுதிவிடக் கூடாது. மறைமுக அடையாளங்களைத் தேடுங்கள். அளவுகோலை இணைப்பின் குறுக்கே பக்கத்துக் கண்ணாடியோடு சேர்த்துப் படுக்கவைத்தால் ஒன்று முன்தள்ளி நிற்பது தெரியும். இணைப்பின் அகலத்தை மேலே இரண்டு, கீழே இரண்டு இடத்தில் வெர்னியரால் அளந்தால் கண்ணாடி சரிந்திருப்பது தெரியும். ஓரத்தை உள்ளங்கையால் மெல்ல அழுத்தும்போது அசைந்தால் உடனே வயர்லெஸ். திறக்கும் ஜன்னல் இருந்தால் உள்ளிருந்து திறக்கச் சொல்லுங்கள்; அந்தச் சட்டத்தில் கட்டமைப்புச் சிலிக்கானை நேராகவே பார்க்கலாம்.

மழைத்தடுப்புச் சிலிக்கானை விரல்நுனியால் நீளவாட்டில் அழுத்திக்கொண்டே வாருங்கள். ஓரத்தில் மெல்லிய கோடாகத் திறந்து, பின் மூடிக்கொண்டால் ஒட்டு விட்டுவிட்டது என்று பொருள். பரப்பைச் சரியாகத் துடைக்காமல் பூசியிருக்கலாம். நடுவில் கிழிந்திருந்தால் ஒட்டு நன்றாகத்தான் இருக்கிறது, இணைப்பின் அசைவுக்குச் சிலிக்கான் ஈடுகொடுக்கவில்லை. இரண்டுக்கும் பழுதுபார்ப்பு வேறு என்பதால் எது என்று எழுதுங்கள். மேலே வேறு நிறத்தில் ஒட்டுப்போட்ட சிலிக்கான் இருந்தால் அதையும் படமெடுங்கள். புளிக்காடி வாசம் வீசும் மலிவுச் சிலிக்கான், இரு தகடுகளை நடுவே படலம் வைத்து ஒட்டிய அடுக்குக் கண்ணாடியின் நடுப்படலத்தையும் உலோகத்தையும் அரிக்கக்கூடியது.

கீழ்ச்சட்டத்தின் வடிதுளைகளைத் தவறவிடாதீர்கள். கசிவை நிறுத்துகிறேன் என்று யாராவது அவற்றையே சிலிக்கானால் அடைத்திருப்பார்கள். தண்ணீர் உள்ளே நின்று, நடுவே இடைவெளி விட்டு இரு தகடுகளை இணைத்த இரட்டைக் கண்ணாடியின் விளிம்பு நாள்கணக்கில் ஊறும். இரட்டைக் கண்ணாடியின் நடுவில் பனிமூட்டம் தெரிந்தால் முதலில் துணியால் வெளியே துடையுங்கள். ஏசி போட்ட கட்டடங்களில் காலையில் வெளிப்பரப்பில் ஈரம் படிவது இங்கே சாதாரணம். துடைத்தும் போகவில்லை என்றால் விளிம்பின் அடைப்பு போய்விட்டது. வெறும் அழகுக் குறையென்று அதைத் தள்ளக் கூடாது. சிலிக்கானால் மட்டுமே பிடிக்கப்பட்ட இரட்டைக் கண்ணாடியில், வெளித்தகட்டைத் தாங்குவதே அந்த விளிம்பு ஒட்டுதான்.

வெடிப்பு எங்கே தொடங்குகிறது என்று பின்தொடருங்கள். விளிம்புக்குச் செங்குத்தாகத் தொடங்கிப் பிறகு வளைந்தால் வெப்ப அழுத்தமாக இருக்கலாம்; கண்ணாடியின் உள்பக்கம் தாள், படலம், அட்டைப்பெட்டி சார்த்தியிருக்கிறார்களா என்று உள்ளே ஆளனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு புள்ளியிலிருந்து நட்சத்திரமாகப் பரவினால் ஏதோ மோதியிருக்கிறது. அடுக்குக் கண்ணாடியில் விளிம்பு வெளிறியிருந்தாலோ குமிழி இருந்தாலோ விளிம்பிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் உள்ளே வந்திருக்கிறது என்று அளந்து வைத்தால் அடுத்த சோதனைக்கு ஒப்பிட உதவும்.

ஒன்றை மட்டும் கயிற்றில் தொங்கிக் கண்டுபிடிக்க முடியாது. கடினப்படுத்திய கண்ணாடிக்குள் சிக்கிய நிக்கல் சல்பைடுத் துகள், உற்பத்தியின்போது 379 டிகிரிக்கு மேல் இருந்த வடிவத்திலேயே உறைந்து, ஆண்டுகள் கழித்து மெல்லப் பருத்துக் கண்ணாடியை எந்தத் தூண்டுதலும் இல்லாமல் பொடிப்பொடியாக்கும். உடைந்த துண்டுகளில் தொடக்கப் புள்ளியை ஒட்டி வண்ணத்துப்பூச்சி இறக்கைபோல இரு பெரிய துண்டுகள் கிடந்தால் இதுவாக இருக்கலாம். கூட்டித் தள்ளாமல் எடுத்துவையுங்கள். முன்பு அப்படி உடைந்த கட்டடமென்றால், அதே தொகுதிக் கண்ணாடி வெப்பச் சோதனைக்கு உட்பட்டதா என்று ஆவணத்தில் பார்க்குமாறு பொறுப்பாளரிடம் சொல்வதுதான் செய்யக்கூடியது.

திறக்கும் ஜன்னல்களில் கீல்தாங்கியும் ரிவெட்டும் முக்கியம். வெளிப்பக்கம் திறக்கும் ஜன்னல்களில் அலுமினிய ரிவெட் அரித்து ஜன்னலே விழுந்ததால்தான் 2004 முதல் அவற்றை எவர்சில்வர் ரிவெட்டாக மாற்றுவது சட்டமானது. அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூத்திருப்பதும் அரிப்பின் அடையாளம். பழுப்புத் துருக்கோடு வழிந்திருந்தால் மூலம் மேலே இருக்கும். கோட்டைப் படமெடுப்பதோடு நிற்காமல் அதைத் தேடுங்கள். மூடுதகடுகளைக் கையால் அசைத்துப் பாருங்கள். கண்ணாடி பத்திரமாக இருந்து தகடு மட்டும் விழுந்தாலும் கீழே இருப்பவருக்கு விளைவு ஒன்றுதான்.

ஆபத்தான கண்ணாடி அகப்பட்டால்

அதைத் தொடாதீர்கள், ஒட்டுநாடா ஒட்டவும் முயலாதீர்கள். அதன் நேர்க்கீழே இறங்கவும் கூடாது. பக்கவாட்டில் நகர்ந்தோ மேலே ஏறியோ விலகுங்கள். சூப்பர்வைசர் கீழே தடுப்பை அகலமாக்கட்டும், உள்ளே இருப்பவர்களை அந்த அறையிலிருந்து அகற்றட்டும், பொறுப்பாளருக்கு அந்த நிமிடமே சொல்லட்டும். மாலை அறிக்கைவரை காத்திருக்கும் செய்தி இல்லை இது.

பதிவும் கணக்கும்

இறங்கும் முன்பே ஒவ்வொரு கண்ணாடிக்கும் முகவரி கொடுங்கள்: பக்கம், பத்தி, தளம். "மே-07-23" என்றால் மேற்குப் பக்கம், இடமிருந்து ஏழாவது பத்தி, 23ஆம் தளம். இடம் வெளியே நின்று பார்க்கும்போதா உள்ளே நின்று பார்க்கும்போதா என்று வரைபடத்தில் எழுதிவையுங்கள். இந்த ஒரு குழப்பத்தால் தவறான கண்ணாடியைக் கழற்றிவிடுவார்கள். குறை ஒன்றுக்கு மூன்று படம்: தளம் தெரியும்படி தூரத்திலிருந்து ஒன்று, முழுக் கண்ணாடி ஒன்று, அளவுகோல் வைத்து நெருக்கமாக ஒன்று.

இறங்கி முடிந்ததும் கயிறுகளைக் கூரைக்கு இழுத்தே எடுங்கள், கீழே விடாதீர்கள். சுவர் ஓரத்தில் உரசிய பகுதியைக் கைக்குள் உருட்டிப் பாருங்கள்: உறை பிய்ந்திருந்தால், உள்ளே தட்டையாகவோ மென்மையாகவோ தட்டுப்பட்டால், அந்தக் கயிறு அன்றோடு ஓய்வு. வெட்டிப் போட்டால்தான் வேறு யாரும் எடுத்து மாட்டமாட்டார்கள். காலையில் எண்ணிய கருவிகளை மறுபடி எண்ணுங்கள். எண்ணிக்கை சரியாக வந்தபின் கீழே இருப்பவரிடம் தடுப்பைத் திறக்கச் சொல்லலாம். ஒன்று குறைந்தால் அது ஏதோ ஒரு தகட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது, தேடி எடுக்கும்வரை தடுப்பு அப்படியே இருக்கட்டும்.